அறிதுயில்: வசியமும் அல்ல, உறக்கமும் அல்ல

இந்தக் கட்டுரையை மேலே படிக்குமுன் ஒரு சிறு சோதனையைச் செய்துவிடுவோம். கொஞ்சம் தையல் நூலும், அதன் நுனியில் கட்ட ஒரு மோதிரமோ கனமான பொத்தானோ இருந்தால் போதும். வெள்ளைத் தாள் ஒன்றில் கூட்டல் குறிபோல இரண்டு கோடுகளை வரைந்து மேசைமேல் வையுங்கள். விரல்களிலிருந்து மோதிரம்வரை நூலின் நீளம் 25 சென்டிமீட்டர் இருக்குமாறு பிடித்து, இரு கோடுகளும் வெட்டும் புள்ளிக்கு நேர்மேலே மோதிரத்தைத் தொங்கவிடுங்கள். முழங்கையை எதன்மீதும் ஊன்ற வேண்டாம். கையை அசைக்கவும் கூடாது. இப்போது பார்வையை ஒரு கோட்டின் வழியே இடமும் வலமுமாக ஓடவிட்டு, 'மோதிரம் இந்தக் கோட்டின் மேல் ஆடப் போகிறது' என்று நினைத்துக்கொண்டே இருங்கள்.

ஓரிரு நிமிடங்களில் உங்களில் பலரது மோதிரம் ஆடத் தொடங்கியிருக்கும். அடுத்த கோட்டை நினைத்தால் திசை மாறும். வட்டமாகச் சுற்றுவதாக நினைத்தால் வட்டமாகவே சுற்றும். 'நான் அசைக்கவே இல்லையே!' என்று நீங்கள் சொல்வீர்கள். உண்மையைத்தான் சொல்கிறீர்கள். ஆனாலும் அசைத்தது நீங்கள்தான்.

இது எப்படி? 25 சென்டிமீட்டர் நீளமுள்ள தனி ஊசல் ஒருமுறை போய்வர ஏறத்தாழ ஒரு விநாடி ஆகும் (சூத்திரத்தில் இட்டுச் சரிபாருங்கள்). உங்கள் விரல்கள் கண்ணுக்குத் தெரியாத அளவு, அதே ஒரு விநாடி இடைவெளியில் அசைந்தால் போதும். ஊஞ்சலைச் சரியான சமயத்தில் லேசாகத் தள்ளுவதுபோல ஒவ்வோர் அசைவும் வீச்சைக் கூட்டிக்கொண்டே போகும். பாடப்புத்தகத்தில் நீங்கள் படிக்கும் ஒத்ததிர்வு இதுதான். விரல்களை அசைத்தது உங்கள் எண்ணம். அசைந்ததை உணர முடியாததால் மோதிரம் தானாக ஆடியதாகத் தோன்றுகிறது.

நம்பிக்கை வரவில்லையா? நூலை ஓர் ஆணியில் கட்டித் தொங்கவிட்டு, நாள் முழுவதும் நினைத்துப் பாருங்கள். அசையாது. இனி நூலைக் கையில் பிடித்து, கண்களை மூடிக்கொண்டு செய்து, நண்பரைப் பார்த்துச் சொல்லச் சொல்லுங்கள். ஆட்டம் குறைந்துவிடும், அல்லது திசை கெட்டுப் போகும். பிரெஞ்சு வேதியியல் அறிஞர் செவ்ரல் இவ்வாறெல்லாம் செய்து பார்த்து, 1833-ஆம் ஆண்டில் ஆம்பியருக்கு ஒரு கடிதமாக எழுதி வெளியிட்டார். மின்னோட்டத்தின் அலகுக்குப் பெயர் தந்த அதே ஆம்பியர்தான். (செவ்ரல் 102 வயதுவரை வாழ்ந்தவர் என்பது கொசுறுச் செய்தி.) ஊசலைப் பிடித்துக்கொண்டு நிலத்தடி நீரைக் காட்டுகிறேன் என்பவர் பொய் சொல்லித்தான் ஆகவேண்டும் என்பதில்லை. அவர் தம் கையாலேயே ஏமாந்தவராக இருக்கலாம்.

ஒருவர் சொல்லும் கருத்தோ, நாமே நினைக்கும் கருத்தோ, நம் முயற்சி இல்லாமலே செயலாகவோ உணர்வாகவோ வெளிப்படுவதைக் கருத்தேற்றம் என்கிறோம். ஹிப்னாடிசம், மனவசியம், மெஸ்மரிசம், அறிதுயில் என்று பல பெயர்களில் நீங்கள் கேள்விப்படும் விஷயத்தின் அடித்தளம் இந்தக் கருத்தேற்றமே. அதை நோய் தீர்க்கப் பயன்படுத்துவது ஹிப்னாடிச சிகிச்சை.

சிகிச்சை அறையில் நடப்பது மிகச் சாதாரணமான காரியம். ஊடுருவும் கண்களும் கிடையாது, ஆடும் கடிகாரமும் கிடையாது. நோயாளி வசதியாக உட்காருகிறார். ஒரு புள்ளியைப் பார்க்கவோ, மூச்சைக் கவனிக்கவோ, அமைதியான ஓர் இடத்தைக் கற்பனை செய்யவோ மருத்துவர் சொல்கிறார். சிறிது நேரத்தில் நோயாளியின் கவனம் வெளி விஷயங்களை விட்டு அந்தக் குரலில் குவிகிறது. பிறகு, 'உங்கள் கை கதகதப்பாகிறது. அந்தக் கதகதப்பு வயிற்றில் பரவுகிறது' என்பது போன்ற கருத்தேற்றங்கள். அரை மணி நேரத்தில் முடிந்துவிடும். இதே சொற்களை ஒலிப்பதிவு செய்து ஓடவிட்டாலும் பலருக்குப் பலன் கிடைக்கிறது. அப்படியானால் 'சக்தி' எங்கே இருக்கிறது?

இந்தக் கேள்விக்கு விடை கண்ட சோதனை, அறிவியல் வரலாற்றிலேயே அழகான சோதனைகளுள் ஒன்று. அதைச் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

வியன்னாவில் மருத்துவராக இருந்த மெஸ்மர் 1778-இல் பாரிஸ் நகருக்கு வந்தார். உயிர்களின் உடலில் ஒருவகைக் காந்தப் பாய்மம் ஓடுகிறது, அது தடைப்படுவதே நோய், தம் கைகளால் அதைச் சீராக்க முடியும் என்றார். இரும்புக் கம்பிகள் நீட்டிக்கொண்டிருக்கும் பெரிய மரத்தொட்டி ஒன்றைச் சுற்றி நோயாளிகளை உட்கார வைப்பார். சிலர் அலறுவார்கள், சிலருக்கு வலிப்பு வரும், பலர், குணமாகிவிட்டது என்று சொல்லி வீடு திரும்புவார்கள். ஊரே அவரைப் பற்றிப் பேசியது. 1784-இல் பிரெஞ்சு மன்னர் பதினாறாம் லூயி ஒரு விசாரணைக் குழுவை அமைத்தார். அதன் உறுப்பினர்களைப் பாருங்கள்: இடிதாங்கியைக் கண்டுபிடித்த பெஞ்சமின் பிராங்கிளின் (அப்போது பாரிஸில் அமெரிக்கத் தூதர்), நவீன வேதியியலின் தந்தை லவாய்சியர், வானியல் அறிஞர் பெய்லி, மருத்துவர் கில்லட்டின்!

'நோயாளிகள் குணமானார்களா?' என்று அவர்கள் கேட்கவில்லை. 'பாய்மம் இருக்கிறதா?' என்று கேட்டார்கள். பிராங்கிளின் வீட்டுத் தோட்டத்தில் மெஸ்மரின் சீடர் டெஸ்லான் ஓர் ஆப்ரிகாட் மரத்துக்குக் 'காந்தமேற்றினார்'. காந்தத்தை எளிதில் உணரக்கூடியவன் என்று அவரே தேர்ந்தெடுத்த 12 வயதுச் சிறுவன் ஒருவனைக் கண்ணைக் கட்டி அழைத்துவந்து, காந்தமேற்றாத மரங்களை ஒவ்வொன்றாகக் கட்டிக்கொள்ளச் செய்தார்கள். முதல் மரத்தில் அவனுக்கு வியர்த்தது. அடுத்தடுத்த மரங்களில் தலைவலியும் மயக்கமும் கூடின. நான்காவது மரத்தில் நினைவிழந்து விழுந்துவிட்டான். காந்தமேற்றிய மரமோ அங்கிருந்து 24 அடி தொலைவில் இருந்தது! லவாய்சியரின் வீட்டில் ஒரு பெண்ணுக்குச் சாதாரணத் தண்ணீர்க் கோப்பைகளை ஒவ்வொன்றாக நீட்டினார்கள். நான்காவதில் அவருக்கு வலிப்பே வந்துவிட்டது. தெளிந்ததும் குடிக்கத் தண்ணீர் கேட்டார். காந்தமேற்றிய கோப்பையை அவருக்குத் தெரியாமல் கொடுத்தார்கள். அதை அமைதியாகக் குடித்து முடித்தார்.

காந்தம் இல்லாமல் கற்பனை மட்டும் இருந்தால் வலிப்பு வருகிறது. கற்பனை இல்லாமல் காந்தம் மட்டும் இருந்தால் எதுவும் நிகழவில்லை என்று குழு முடிவு செய்தது. இன்று புதிய மருந்துகளைச் சோதிக்கும்போது எது மருந்து, எது வெறும் மாத்திரை என்று நோயாளிக்குத் தெரியாமல் கொடுக்கிறார்களே, அந்த முறையின் முன்னோடி இது. மெஸ்மரின் பாய்மம் அன்றே செத்தது. ஆனால் அந்தச் சிறுவன் மயங்கி விழுந்தது பொய்யல்ல. அதைப் 'பாழும் கற்பனை' என்று ஒதுக்காமல், அந்தக் கற்பனைக்கு இவ்வளவு வலிமை எப்படி வந்தது என்று கேட்க வேண்டும். அதைக் கேட்டவர்களுள் ஒருவர் நம் நாட்டவர். கோவாவில் கண்டோலிம் என்னும் ஊரில் 1756-இல் பிறந்த பாதிரியார் ஃபாரியா 1813-இல் பாரிஸில் மக்கள்முன் செய்முறைகள் நடத்தினார். ஆட்டுவிப்பவரிடம் எந்தச் சக்தியும் இல்லை, எல்லாம் ஆட்படுபவரின் மனத்திலேயே நிகழ்கிறது என்று துணிந்து கூறினார். பனாஜிக்குச் சுற்றுலா போனால் அவருடைய சிலையைப் பார்க்கலாம். ஆனால் சிற்பி அதை வடித்திருக்கும் விதம், அவர் கைவீச்சால்தான் அந்தப் பெண் சாய்கிறாள் என்று நினைக்க வைக்கும்!

ஹிப்னாடிசம் என்ற சொல் பரவக் காரணமானவர் ஜேம்ஸ் பிரெய்டு என்னும் ஸ்காட்லாந்து அறுவை மருத்துவர். 1841-இல் மான்செஸ்டர் நகரில் மேடை நிகழ்ச்சி ஒன்றைப் பார்த்தவர், வீட்டுக்குப் போய்த் தாமே சோதனை செய்தார். ஒரு பளபளப்பான பொருளை உற்றுப் பார்க்கச் சொன்னாலே போதும், கைவீச்சு எதுவும் வேண்டாம் என்று கண்டார். 1843-இல் எழுதிய நூலில், உறக்கத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து பெயர் சூட்டினார். வந்தது வினை! பெயரில் உறக்கம் இருப்பதால், அந்த நிலையில் இருப்பவர் உறங்குகிறார் என்ற எண்ணம் ஊன்றிவிட்டது. மூளையின் மின்னலைகளைப் பதிவு செய்து பார்த்தால் அது உறக்கத்தின் பதிவைப்போல இருப்பதில்லை. சுற்றிலும் நடப்பது அவருக்குக் கேட்கிறது. பிறகு பெரும்பாலும் நினைவும் இருக்கிறது. நம் மொழியிலோ அருமையான சொல் இருக்கிறது. பாற்கடலில் பள்ளிகொண்ட திருமாலின் நிலையை 'அறிதுயில்' என்பார்கள் - அறிந்துகொண்டே துயில்வது. பிரெய்டுக்குத் தமிழ் தெரிந்திருந்தால் நமக்கு இவ்வளவு குழப்பம் வந்திருக்காது. 'மனவசியம்' என்ற சொல்தான் எனக்குப் பிடிக்காதது. யாரோ யாரையோ வசப்படுத்துவதாக அது நினைக்க வைக்கிறது.

'மனபலம் இல்லாதவர்கள்தானே சார் இதற்கு ஆட்படுவார்கள்?' என்று கல்லூரியில் மாணவர்கள் என்னைக் கேட்பதுண்டு. அப்படியல்ல. இதை அளக்கவே ஓர் அளவுகோல் இருக்கிறது. அமெரிக்காவின் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தில் வைட்சன்ஹோபர், ஹில்கார்டு என்னும் இருவர் 1959-இல் அதை உருவாக்கினார்கள். நீட்டிய கை கனத்துத் தாழ்கிறதா, இல்லாத கொசுவை விரட்டுகிறாரா என்பது போன்ற 12 சோதனைகள். ஒவ்வொன்றுக்கும் ஒரு மதிப்பெண். பலரைச் சோதித்தால், பத்துப் பதினைந்து சதவீதத்தினர் மிக அதிக மதிப்பெண் பெறுவார்கள். ஏறத்தாழ அதே அளவினர் மிகக் குறைவாகப் பெறுவார்கள். மற்றவர்கள் நடுவில். 25 ஆண்டுகள் கழித்து அதே ஆட்களைச் சோதித்தபோதும் மதிப்பெண்கள் பெரிதாக மாறவில்லை என்று 1989-இல் வெளியான ஆய்வு காட்டியது. இதற்கும் அறிவுக்குறைவுக்கும், கோழைத்தனத்துக்கும் தொடர்பில்லை. ஒரு கதையில் மூழ்கினால் பக்கத்தில் கூப்பிடுவதுகூடக் காதில் விழாதவர்கள் இருக்கிறார்களே, அப்படிப்பட்டவர்களுக்குச் சற்று எளிதாக வரலாம். அதுவும் உறுதியான விதி அல்ல.

மேடையில் பார்த்தேனே!

சரி, மேடைக் காட்சிகளுக்கு வருவோம். ஒருவரை 'உறங்கச் செய்து', 'உன் உடல் இரும்புத் தூண்' என்று கூறி, தோள்களை ஒரு நாற்காலியிலும் கெண்டைக்கால்களை மற்றொரு நாற்காலியிலும் வைத்து, இடையில் எந்தத் தாங்கலும் இல்லாமல் படுக்க வைப்பார்கள். கூட்டம் மூச்சடக்கிப் பார்க்கும். இது என் பாடத்துக்குள் வருவதால் கொஞ்சம் கணக்குப் போட அனுமதியுங்கள்.

60 கிலோ எடையும் 1.6 மீட்டர் உயரமும் உள்ள ஒருவரைச் சீரான உத்தரமாகக் கொள்வோம். இரு தாங்கல்களுக்கும் இடையே 1.2 மீட்டர். அவருடைய எடை ஏறத்தாழ 600 நியூட்டன். உத்தரத்தின் நடுவில் அவரை வளைக்க முயலும் திருப்புத்திறன் ஏறத்தாழ 60 நியூட்டன் மீட்டர் என்று வருகிறது. இது பெரிதா, சிறிதா? ஒப்பிட்டால்தானே தெரியும்! நீங்கள் முழங்காலை மடக்காமல் இடுப்பளவில் குனிகிறீர்கள். இடுப்புக்கு மேலுள்ள உடலின் எடையை 400 நியூட்டன் என்றும், அதன் ஈர்ப்பு மையம் இடுப்பிலிருந்து 30 சென்டிமீட்டர் தொலைவில் இருப்பதாகவும் கொண்டால், திருப்புத்திறன் 120 நியூட்டன் மீட்டர். குனிந்து தண்ணீர்க் குடத்தைத் தூக்கினால் இன்னும் அதிகம். ஆக, மேடையில் கிடப்பவரின் முதுகுத் தசைகள் சுமப்பது, தினமும் கிணற்றடியில் நம் வீட்டுப் பெண்கள் சுமப்பதில் பாதிகூட இல்லை! ஹிப்னாடிசம் செய்யப்படாத சாதாரண மனிதர்களும் இதைச் செய்ய முடியும் என்பதை அமெரிக்க உளவியல் அறிஞர் தியோடர் பார்பர் எடுத்துக் காட்டினார்.

அவர்மேல் ஒருவர் ஏறி நின்றால்? 500 நியூட்டன் எடையுள்ளவர் சரியாக நடுவில் நின்றால் 150 நியூட்டன் மீட்டர் கூடும். அது அபாயம். ஆனால் ஒரு காலை மார்பின்மீதும் மற்றொரு காலை முழங்காலுக்கு அருகிலும், தாங்கல்களிலிருந்து 20 சென்டிமீட்டர் தள்ளி வைத்தால் 50 மட்டுமே கூடும். அடுத்த முறை இந்தக் காட்சியைப் பார்த்தால் கூட்டம் முகத்தைப் பார்க்கட்டும். நீங்கள் கால்கள் எங்கே வைக்கப்படுகின்றன என்று பாருங்கள். ஆனால் ஒன்று: நண்பர்களை வைத்து இதைச் செய்து பார்க்காதீர்கள். கணக்கு தசைக்கு மட்டும்தான். நாற்காலி வழுக்கினால் முதுகெலும்பை எந்தச் சூத்திரமும் காப்பாற்றாது. இங்கிலாந்தில் மேடை ஹிப்னாடிசத்தைக் கட்டுப்படுத்த 1952-இலேயே தனிச் சட்டம் இயற்றினார்கள். 18 வயது நிரம்பாதவர்களை அங்கே மேடையேற்றி ஹிப்னாடிசம் செய்யக் கூடாது.

மேடையில் ஏறுபவர்கள் நடிக்கிறார்களா என்றால், சிலர் நடிக்கிறார்கள், சிலர் உண்மையாகவே உணர்கிறார்கள், பலர் இரண்டுக்கும் இடையில் இருக்கிறார்கள். நிகழ்த்துபவர் முதலில் சபையோர் எல்லாரையும் கைகோக்கச் செய்து, 'பிரிக்க முடியாது' என்று சொல்லி, பிரிக்கத் தடுமாறுபவர்களை மட்டும் மேலே அழைக்கிறார். நாம் பார்த்த அந்தப் பத்துப் பதினைந்து சதவீதத்தினரை அவர் சலித்து எடுத்துவிடுகிறார். ஆயிரம் பேர் முன்னால் நிற்கும்போது, சொன்னதைச் செய்யாமல் காட்சியைக் கெடுக்க யாருக்குத்தான் மனம் வரும்?

சொன்னதையெல்லாம் செய்வார்களா?

ஹிப்னாடிசம் செய்து ஒருவரைக் குற்றம் செய்ய வைக்க முடியுமா என்பது திரைப்படக்காரர்களுக்கு மிகப் பிடித்த கேள்வி. 1965-இல் ஆர்ன், எவன்ஸ் என்னும் ஆய்வாளர்கள் அறிதுயிலில் ஆழ்ந்தவர்களிடம், நச்சுப் பாம்பைக் கையால் பிடி, ஆய்வாளர் முகத்தில் அமிலத்தை ஊற்று என்றார்கள். (ஆபத்து நேராதபடி மறைவாக ஏற்பாடுகள் செய்திருந்தார்கள்.) பெரும்பாலோர் செய்ய முற்பட்டார்கள்! பயங்கரம் என்று இங்கேயே நிறுத்திவிடக் கூடாது. அவர்கள் இன்னொரு குழுவையும் வைத்திருந்தார்கள். இவர்கள் அறிதுயிலில் இல்லாதவர்கள். இருப்பதுபோல் நடிக்கச் சொல்லப்பட்டவர்கள். இவர்களும் அதையே செய்தார்கள். ஏன் என்று பின்னர் கேட்டபோது, 'இது பல்கலைக்கழகச் சோதனை, எங்களுக்கு ஆபத்து வர விடமாட்டீர்கள் என்று தெரியும்' என்ற பொருள்பட விடை வந்தது. ஆகவே அந்தச் செயலுக்குக் காரணம் ஹிப்னாடிசம் என்று சொல்ல இடமில்லை. நம்பிக்கைதான் காரணம்.

இதைக் கேட்டு, ஆபத்தே இல்லை என்று நினைத்துவிட வேண்டாம். நம்பிக்கையை மோசமாகப் பயன்படுத்துகிறவர்கள் எல்லாத் தொழிலிலும் உண்டு. கண்ணை மூடித் தளர்ந்திருக்கும் ஒருவர், தம்மை ஒப்படைத்தவரிடம் 'வேண்டாம்' என்று சொல்லத் தயங்குவார். உங்கள் வயதில் இருப்பவர்கள் இத்தகைய சிகிச்சைக்குப் போக நேர்ந்தால் அம்மாவோ அப்பாவோ உடன் இருக்கட்டும். உடன் இருக்கக் கூடாது என்கிறவரிடம் போக வேண்டாம்.

'விழிக்காமல் அப்படியே இருந்துவிட்டால்?' என்ற பயத்துக்கு மட்டும் இடமே இல்லை. மருத்துவர் பாதியில் எழுந்து போய்விட்டால், சிறிது நேரத்தில் நோயாளி தானே கண் திறப்பார். அல்லது அயர்ந்து தூங்கி எழுந்திருப்பார்.

நினைவு என்னும் வழுக்குப் பாறை

உண்மையான ஆபத்து வேறிடத்தில் இருக்கிறது. நம் மனம் ஒலிப்பதிவு நாடாவைப் போன்றது. எல்லாம் அதில் பதிந்திருக்கும். ஹிப்னாடிசம் அதைச் சுழற்றிக் கேட்க வைக்கும் என்று படித்தவர்களே நம்புகிறார்கள். இது தவறு. நினைவு கூரும்போதெல்லாம் மனம் கிடைத்த துண்டுகளை வைத்து நிகழ்ச்சியை மறுபடி கட்டுகிறது. கருத்தேற்றம் அந்தக் கட்டடத்துக்குள் புதுச் செங்கல்லைச் செருகிவிடும்.

1983-இல் லாரன்ஸ், பெர்ரி என்னும் கனடா நாட்டு ஆய்வாளர்கள், எளிதில் ஆட்படும் 27 பேரைத் தேர்ந்தெடுத்தார்கள். சென்ற வாரம் தாங்கள் நிம்மதியாகத் தூங்கியதாக நினைவிருக்கும் ஓர் இரவை ஒவ்வொருவரும் சொல்ல வேண்டும். அறிதுயிலில், அந்த இரவுக்குத் திரும்பியதாகக் கற்பனை செய்யவைத்து, 'பெரிய சத்தம் கேட்டதா?' என்று கேட்டார்கள். அவ்வளவுதான். பிறகு சாதாரண நிலையில் விசாரித்தபோது, 13 பேர் சத்தம் உண்மையாகவே கேட்டதாகக் கூறினார்கள். அந்தக் கேள்வி ஆய்வாளரிடமிருந்து வந்தது என்று தெரிவித்த பிறகும் சிலர் தம் நினைவிலிருந்து அசையவில்லை.

இதை நீதிமன்றத்தில் பொருத்திப் பாருங்கள். காவல் அதிகாரி, 'அந்த ஆளுக்கு மீசை இருந்ததா?' என்று அறிதுயிலில் ஒரு சாட்சியைக் கேட்கிறார். மீசை முளைத்துவிடுகிறது! பின்னர் சாட்சி கூண்டில் ஏறி, சத்தியமாகவே நம்பி, உறுதியாகச் சொல்கிறார். ஒரு நிரபராதி சிறைக்குப் போகிறார். அறிதுயிலில் சாட்சிகள் கூடுதலாகப் பல விவரங்களைச் சொல்கிறார்கள். அவற்றுள் சரியும் உண்டு, தவறும் உண்டு. ஆனால் இரண்டிலும் அவர்களுக்கு உறுதி கூடிவிடுகிறது. இதை உணர்ந்துதான் கலிபோர்னியா மாநில உச்ச நீதிமன்றம் 1982-இலும், கனடா உச்ச நீதிமன்றம் 2007-இலும் அத்தகைய சாட்சியத்துக்குக் கதவை ஏறத்தாழ மூடிவிட்டன.

'முற்பிறவி' நினைவுகளும் இந்த வகைதான். 1952-இல் அமெரிக்காவில் பொழுதுபோக்காக ஹிப்னாடிசம் செய்த ஒரு வணிகர், ஒரு பெண்ணைப் பிறப்புக்கு முன்னே 'அழைத்துச் சென்றார்'. அவர், 1798-இல் அயர்லாந்தில் பிறந்த பிரைடி மர்பி தாமே என்று அந்நாட்டுப் பேச்சு நடையில் பேசினார். 1956-இல் அது புத்தகமாகி விற்றுத் தீர்ந்தது. நிருபர்கள் அயர்லாந்துக்குப் பறந்தார்கள். அப்படி ஒருத்தி பிறந்ததற்கோ இறந்ததற்கோ பதிவு எதுவும் கிடைக்கவில்லை. அந்தப் பெண் சிறுவயதில் வசித்த சிகாகோ வீட்டுக்கு எதிரே அயர்லாந்திலிருந்து வந்த ஓர் அம்மாள் குடியிருந்ததை ஒரு பத்திரிகை கண்டுபிடித்து எழுதியது.

தேர்வுக் காலத்தில் 'ஹிப்னாடிசம் மூலம் ஏழே நாளில் நினைவாற்றல்' என்று சுவரொட்டிகள் வருமே, அவற்றைப் பற்றி உங்களுக்கே இப்போது தெரிந்திருக்கும். படிக்காத பாடத்தை எந்த நிலையிலும் நினைவுகூர முடியாது. தேர்வு பயத்தில் கை நடுங்குபவருக்கு மனத்தைத் தளர்த்தும் பயிற்சி உதவலாம். அது வேறு விஷயம். அதற்காக உங்கள் பெற்றோர் ஆயிரக்கணக்கில் பணம் கட்ட வேண்டியதில்லை.

அப்படியானால் நோய் தீருமா?

சில நோய்களுக்கு உதவுகிறது. எதற்கு, எவ்வளவு என்பதில்தான் கவனம் வேண்டும். வலியை எடுத்துக்கொள்வோம். கல்கத்தாவுக்கு அருகே ஹூக்ளியில் பணியாற்றிய ஜேம்ஸ் எஸ்டெயில் என்னும் மருத்துவர் 1845-இல் மெஸ்மரிச முறையில் அறுவை மருத்துவம் செய்யத் தொடங்கினார். அவருடைய உதவியாளர்கள் நோயாளியின்மீது மணிக்கணக்கில் கைகளை வருடுவதுபோல் வீசுவார்கள். பிறகு அவர் பெரிய கட்டிகளை அறுத்து எடுப்பார். 1846-இல் கல்கத்தாவில் இதற்கென்றே ஒரு மருத்துவமனை நடந்தது. அதே ஆண்டு அக்டோபரில் பாஸ்டன் நகரில் ஈதரும், 1847-இல் குளோரோஃபார்மும் வந்தன. நிமிடங்களில் எவரையும் மயக்கும் மருந்து கிடைத்தபின், சிலருக்கு மட்டும் பலிக்கும் முறைக்கு வேலையில்லாமல் போயிற்று.

ஆனால் எஸ்டெயிலின் நோயாளிகள் வெறுமனே பல்லைக் கடித்துப் பொறுத்துக்கொண்டார்களா? 1997-இல் ரெயின்வில் என்பவரும் அவர் தோழர்களும் மூளையையே படம் எடுத்துப் பார்த்தார்கள். அறிதுயிலில் இருந்தவர்கள் 47 டிகிரி செல்சியஸ் வெந்நீரில் கையை வைத்தார்கள். 'வேதனை குறைகிறது' என்ற கருத்தேற்றத்தின்போது, வலியின் வேதனையோடு தொடர்புடைய மூளைப்பகுதியின் வேலை, 'வேதனை கூடுகிறது' என்றபோது இருந்ததைவிடக் குறைந்தது. எங்கே, எவ்வளவு சூடு என்று பதிவு செய்யும் பகுதி அவ்வளவாக மாறவில்லை. வாயளவில் 'வலிக்கவில்லை' என்று சொல்பவருக்கு இப்படி ஓர் இடத்தை மட்டும் தேர்ந்து மாற்ற முடியுமா? பெல்ஜியத்தின் லியேஜ் பல்கலைக்கழக மருத்துவமனையில் 1992 முதல், மரத்துப்போகும் ஊசியோடும் சிறிதளவு மருந்தோடும் அறிதுயிலையும் சேர்த்து ஆயிரக்கணக்கான அறுவைகளைச் செய்திருக்கிறார்கள். 'சேர்த்து' என்பதைக் கவனியுங்கள்.

இன்னொன்று குடல் தொல்லை. பரிசோதனையில் குறை எதுவும் தெரியாது. ஆனால் வயிற்றுவலி, மாறி மாறி வயிற்றுப்போக்கும் மலச்சிக்கலும் என்று நோயாளி ஆண்டுக்கணக்கில் அவதிப்படுவார். 1984-இல் மான்செஸ்டர் மருத்துவர் வோர்வெல் குழுவினர், எந்த மருந்துக்கும் கட்டுப்படாத 30 பேரைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியினருக்கு ஹிப்னாடிச சிகிச்சையும், மறுபாதியினருக்கு மனநல ஆலோசனையோடு வெறும் மாத்திரையும் கொடுத்தார்கள். முதல் குழு தெளிவாகத் தேறியது. பின்வந்த ஆய்வுகளும் பெரும்பாலும் அதை ஒட்டியே அமைந்தன. இங்கிலாந்தில் மருத்துவ வழிகாட்டுதல் வகுக்கும் அமைப்பு, ஓராண்டு மருந்து பலிக்காதவர்களுக்கு இதைப் பரிசீலிக்கலாம் என்று 2008-இல் சேர்த்துக்கொண்டது. மாறாக, சிகரெட்டை விடவைக்க இது மற்ற முறைகளைவிட மேலானது என்பதற்குப் போதிய சான்று இல்லை என்று 2019-இல் வெளிவந்த காக்ரேன் தொகுப்பாய்வு கூறியது. விளம்பரங்களில் அதிகம் வருவது இதுதான்!

நீரிழிவுக்காரரை இன்சுலினை நிறுத்தச் சொல்கிறவரும், கட்டியைக் கருத்தேற்றத்தால் கரைப்பேன் என்கிறவரும் சிகிச்சை செய்யவில்லை, உயிரோடு விளையாடுகிறார்கள். கடுமையான மனநோய் உள்ளவர்களுக்கு இது கேடும் செய்யக்கூடும். முதலில் என்ன நோய் என்று தெரிய வேண்டும். வயிற்றுவலிக்குக் காரணம் குடல்வால் அழற்சியாக இருந்து, அதைக் கருத்தேற்றத்தால் மறைத்துவிட்டால் என்ன ஆகும்? ஆகவே மனநல மருத்துவர், முறையாகப் பயின்ற மருத்துவ உளவியலாளர், அல்லது உங்கள் நோயைக் கவனித்துவரும் மருத்துவர் அனுப்பும் நபர் - இவர்களிடம் மட்டுமே போக வேண்டும்.

அறிதுயில் என்பது விழிப்பு, உறக்கம் போன்ற ஒரு தனி நிலையா? அல்லது கவனமும் எதிர்பார்ப்பும் கற்பனையும் ஒன்று சேர்ந்தால் வருவதா? அறிஞர்கள் இன்னும் வாதிட்டுக்கொண்டிருக்கிறார்கள். அந்த வாதத்தின் நடுவே உள்ள ஒரு சோதனையை நீங்கள் வீட்டில் பாதியளவு செய்து பார்க்கலாம். 'சிவப்பு' என்ற சொல்லைப் பச்சை மையால் எழுதுங்கள், 'பச்சை'யை நீலத்தால், 'நீலம்' என்பதைச் சிவப்பால். இப்படி இருபது சொற்கள். இனிச் சொல்லைப் படிக்காமல் மையின் நிறத்தை மட்டும் வேகமாகச் சொல்லுங்கள். நாக்கு தடுமாறும். படிக்கத் தெரிந்தவரால் படிக்காமல் இருக்க முடியாது! தமிழ் எழுத்து தெரியாத ஒருவருக்கு இந்தத் தொல்லையே இராது.

அமீர் ராஸ் என்பவரின் குழு, எளிதில் ஆட்படும் ஆங்கிலம் படித்தவர்களிடம், 'இவை உங்களுக்குத் தெரியாத ஓர் அந்நிய மொழியின் எழுத்துகள்' என்று அறிதுயிலில் கருத்தேற்றம் செய்தது. அவர்களது தடுமாற்றம் பெரிதும் குறைந்தது. ஆண்டுக்கணக்கில் ஊறிய படிப்புப் பழக்கத்தை ஒரு வாக்கியம் தளர்த்திவிட்டது. பின்னர் 2006-இல் அதே குழு, அறிதுயிலுக்குள் கொண்டுபோகும் சடங்குகள் எதையும் செய்யாமல் அந்த வாக்கியத்தை மட்டும் அதே வகையினரிடம் சொல்லிப் பார்த்தது. அப்போதும் தடுமாற்றம் குறைந்தது.